மூன்று புள்ளி இரண்டாவது வினாடியில் சௌந்தரபாண்டி

செத்து நாற்பத்தொரு நாள் ஆன சௌந்தரபாண்டி, திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் பத்தொன்பதாவது முறையாக, நடுவாக்கியத்தில் நின்றுபோனார்.

"அலாரம் ஒயரக் கழட்டுனது..." என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் "ங்ங்ங்ங்" என்று ஒரு சத்தம், கரும்புச்சாறு மெஷினில் துண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. திரையில் வழக்கமான சிவப்பு வரி வந்தது: டைம்ஸ்டெப் டூ ஸ்மால். நேரத்தின் அடி அளவுக்கு மீறிச் சிறிதாகிவிட்டதாம். ஓட்டம் நிறுத்தப்பட்டது. நின்ற இடம், எப்போதும் போல, கேள்வி கேட்டு முடித்த மூன்று புள்ளி இரண்டாவது வினாடி.

ஆவுடையம்மாள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். முப்பத்துநாலு வயது, அம்பாசமுத்திரத்துக்காரி. செத்தவர்களைப் பேசவைக்கும் 'மறுமொழி' நிறுவனத்தில் மூன்றரை வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறவர்களை ஏன் நின்றார்கள் என்று பார்த்து மறுபடி ஓடவைப்பது. அலுவலகத்தில் அவள் பதவிக்கு நீளமாக ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. வாட்ச்மேன் மட்டும் சரியாகச் சொல்லுவார்: "பேய் மெக்கானிக்."

சோழிங்கநல்லூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் மேலே நாலு மாடி. அங்கேதான் இந்த அற்புதம் நடந்தது. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் மூளையை ஸ்கேன் செய்து, நரம்புக்கு நரம்பு மின்சுற்றாக எழுதிவிடுவார்கள். எழுதிய சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஆள் பேசுவார். சாதாரணப் பேச்சு நம் வேகத்திலேயே ஓடும். சங்கடமான கேள்வி வந்தால் ஒரு வினாடியைக் கணக்குப் போட ஒரு மணி நேரம் கூட ஆகும். செத்தவருக்கு அது தெரியாது. அவருக்குத் தான் செத்ததே தெரியாது. சௌந்தரபாண்டி ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுந்து, முதலில் ஒரு டீ கேட்டார்.

கோதண்டபாணி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். நிறுவனத்தைத் தொடங்கிய மூன்று பேரில் ஒருவர், ஆரம்பத்தில் கொஞ்சம் சர்க்யூட்டும் எழுதியவர், இப்போது விற்பனைத் தலைவர். ஐம்பது வயது, சிரித்த முகம், யாரையும் எதையும் நம்பவைத்துவிடும் குரல்.

"என்னம்மா, உங்க ஊர் பக்கத்துக்காரர் வாயைத் திறந்தாரா?"

"தொறந்தாரு சார். மூட முடியல."

"நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. ரிட்டையர்டு ஜட்ஜ் நேரா இங்கயே வராங்க. ஒரு சர்க்கார் விசாரணையில நம்ம மெஷின் சாட்சி சொல்றது இதுதான் முதல் தடவை. இது நல்லா முடிஞ்சா இனிமே ஒவ்வொரு கொலைக் கேஸும் நம்ம மாடிப்படிதான் ஏறணும். என்ன பிரச்சனைன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

ஆவுடை நாற்காலியைத் திருப்பினாள்.

"கம்ப்யூட்டருக்கு நேரம் நம்மள மாதிரி ஓடாது சார். அடி அடியா எடுத்து வைக்கும். ஒவ்வொரு அடியிலயும் மூளைல இருக்கற எல்லாப் புள்ளிக்கும் மின்னழுத்தம் இவ்வளவு இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு போடும். போட்டது ஒண்ணுக்கொண்ணு ஒத்துவருதான்னு பாக்கும். வரலன்னா திருத்தும். திருத்தித் திருத்தி ஒத்துவந்துட்டா, கன்வர்ஜ் ஆயிடுச்சு, அடுத்த அடி. எவ்வளவு திருத்தியும் ஒத்துவரலன்னா, அடியைப் பாதியாக்கி மறுபடி பாக்கும். அப்பவும் இல்லன்னா அதுல பாதி. அம்பாசமுத்திரத்துலருந்து கல்லிடைக்குறிச்சிக்குக் கிளம்புனவன், எறும்பு அளவுக்கு அடி வைக்க ஆரம்பிச்சு ஆத்துப் பாலத்து நடுவுலயே நின்னுட்டா எப்படி? அப்படி நிக்காரு."

"எத்தனையோ பேரை ஓட்டியிருக்கியே. அப்பல்லாம் என்ன செஞ்ச?"

"பிழை வரம்பைத் தளர்த்துவேன். சுமாரா ஒத்துவந்தாலே போதும், போன்னு தள்ளிவிடறது."

"இப்பவும் தள்ளிவிடேன்."

"தள்ளினேன். 'இருதயராஜ்'னு சொன்னாரு."

கோதண்டபாணியின் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன?"

"கணக்குப் போடற முறையை மாத்தினேன். 'நான்தான்'னாரு. ஆரம்ப வெப்பநிலையைப் பத்துல ஒரு பங்கு டிகிரி மாத்தினேன். 'மஞ்சக் கலர் லாரி'ன்னாரு. ரோப் கார்ல ஏது சார் லாரி?"

விஷயம் இதுதான். செங்கழுகுப்பாறை மலையில் சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு ரோப் கார் ஓடியது. ஒரு சனிக்கிழமை மதியம், பதினொரு பேரோடு இறங்கிய பெட்டி வேகம் கட்டுப்படாமல் கீழே வந்தது. வேகம் கூடினால் அலற வேண்டிய அலாரம் அலறவில்லை. கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் சௌந்தரபாண்டி கண்ணால் பார்த்த பிறகுதான் ஓடிப்போய்க் கைப்பிரேக்கில் தொங்கினார். பெட்டி நின்றது. பதினொரு பேருக்கும் கையோ காலோ முறிந்ததோடு போயிற்று. திருப்பி அடித்த பிரேக் கம்பி சௌந்தரபாண்டியின் நெஞ்சில் இறங்கியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போயிற்று. கட்டுப்பாட்டு அறையைப் போய்ப் பார்த்தவர்கள் அலாரப் பெட்டிக்குப் பின்னால் ஒயர் தொங்குவதைப் பார்த்தார்கள். கழற்றியது யார்? அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று சௌந்தரபாண்டியிடம். இன்னொன்று எலக்ட்ரீசியன் இருதயராஜிடம்.

சௌந்தரபாண்டி கழற்றியிருந்தால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை, ஊரில் தலைகாட்டவும் முடியாது. இருதயராஜ் கழற்றியிருந்தால் ஜெயில். அவனுக்கு இருபத்தொன்பது வயது, கைக்குழந்தை ஒன்று.

"மூணு பதில்ல எது அர்த்தமா இருக்கோ அதை எடுத்துக்க" என்றார் கோதண்டபாணி. "லாரி வேணாம்."

அன்று மதியம் சௌந்தரபாண்டியின் மனைவி சண்முகவடிவும் இருதயராஜும் வந்து சேர்ந்தார்கள். ஒரே ரயில், ஒரே பெட்டி, பதினொரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இருதயராஜ் வரவேற்பறை மூலையில் இருந்த செயற்கை மூங்கிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். சண்முகவடிவை ஆவுடை உள்ளே அழைத்துப் போனாள். பேசுவது இறந்தவர்தான் என்று நெருங்கிய உறவு ஒருவர் கேட்டு, பேசி, கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி.

சண்முகவடிவு ஒலிபெருக்கிக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முதல் கால் மணி நேரம் அழுதாள். அடுத்த அரை மணி நேரம் பேசினாள். அதற்கப்புறம் கேள்வி கேட்கத் தொடங்கினாள். கேட்கக் கேட்க அவள் புருவம் நெரிந்தது. முடிவில் படிவத்தைத் தள்ளி வைத்தாள்.

"இவுக எங்க வீட்டுக்காரவுக இல்ல தாயி."

கூடவே நின்றிருந்த கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குரல் அவரோடதுதானேம்மா?"

"குரல் அவுகளதுதான். டீ கேக்கதும் அவுகதான். ஆனா எதக் கேட்டாலும் பதில் சொல்லுதாவளே! சின்னவளுக்கு எப்ப வரன் அமையும்னு கேட்டேன். ஐப்பசிலங்காவ. மேலத்தெருக்காரன் கிணத்துல தண்ணி வருமான்னு கேட்டேன். நாப்பது அடிலங்காவ. எங்க வீட்டுக்காரவுக முப்பத்தோரு வருசத்துல ஒரு நாளு இப்படி வெடுக்குனு பதில் சொன்னதில்ல. மழ வருமான்னு கேட்டா, எனக்கு எப்படிட்டி தெரியும்பாவ. சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட, தெரியலியேம்பாவ. ரெண்டு மணி நேரமா பாக்கேன், ஒரு தெரியாது வரல. இது வேற யாரோ."

"படிச்சவங்க எழுதுன சர்க்யூட்டும்மா, தப்பு வராது" என்றார் கோதண்டபாணி.

"நானும் முப்பத்தோரு வருசம் படிச்சிருக்கேன்" என்றாள் சண்முகவடிவு.

அவளை விருந்தினர் அறைக்கு அனுப்பிவிட்டு ஆவுடை திரும்பவும் மேசைக்கு வந்தாள். இதுவரை அவள் நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் முறையாக நிற்காத இடங்களைப் பார்த்தாள். ஐப்பசி, நாற்பது அடி. அந்தப் பதில்கள் பிறந்த வினாடிகளில் மின்னழுத்தம் எங்கெங்கே ஏறி இறங்கியது என்று தேடினாள். ஒரு இடத்தில் கொஞ்சம் புள்ளிகள் அசையாமல் ஒரே அளவில் இருந்தன. உயிருள்ள மூளையில் எதுவும் அப்படி அசையாமல் இருக்காது. பின்னாலேயே போனாள். போன இடத்தில் ஒரு பேட்டரி இருந்தது.

சௌந்தரபாண்டியின் மண்டைக்குள் யாரும் பேட்டரியோடு பிறப்பதில்லை. சர்க்யூட்டில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பேட்டரிக்குப் பெயர் 'நிச்சயம்'. நாலு வருடப் பழைய வரி. எழுதியவர் கையெழுத்து இருந்த இடத்தில் இரண்டே எழுத்து: கோ.பா.

அவள் அந்த வரியை அச்செடுத்துக்கொண்டு கோதண்டபாணியின் அறைக்குப் போனாள். அவர் பார்த்தார். மறுக்கவில்லை. ஒளித்து வைத்த பலகாரத்தைக் கண்டுபிடித்தவளைப் பார்ப்பது போலச் சிரிக்கவும் செய்தார்.

"ஆமா, நான்தான் போட்டேன்."

"எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும். ஆரம்பத்துல எதைக் கேட்டாலும் பாதி பேர் தெரியாதுன்னான். வந்தவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. உயிரோட இருக்கறப்பவும் இதைத்தான் சொன்னாரு, இதைக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்னு. தெரியாதுன்னு கேக்கறதுக்கு உயிரோட இருக்கறவன் போதுமேம்மா. செத்தவன் எதுக்கு?"

"சார், தெரியாதுங்கறதுதான் மூளைக்கு எர்த். எந்த யோசனையும் நிக்க இடமில்லன்னா கடைசியா அங்கதான் இறங்கும். நீங்க அந்த வழியை அடைச்சிருக்கீங்க. கொஞ்சம் தெரிஞ்ச விஷயம்னா, பேட்டரி முட்டுக்கொடுத்து நிச்சயம்னு சொல்ல வச்சிரும். ஒண்ணுமே தெரியாத விஷயத்தைக் கேட்டா அது எங்கதான் போகும்? அந்தரத்துல சுத்திக்கிட்டே கிடக்கும். அவரு தெரியாதுன்னு சொல்லத்தான் சார் மூணு நாளா முட்டுறாரு. நாம விடல."

கோதண்டபாணியின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அப்ப பிழை வரம்பைத் தளர்த்தினா வந்த பதிலெல்லாம்?"

"எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரியாம விழுந்தது. இருதயராஜுன்னு விழுந்தா ஜெயிலு."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "நாளைக்கு ஒரு பதில் வேணும் ஆவுடை. இருதயராஜ்ங்கறது எத்தனை தடவை வந்தது?"

"நாலு தடவை."

"அதை வச்சுக்க."

ஆவுடை அச்செடுத்த தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வரவேற்பறையைத் தாண்டும்போது செயற்கை மூங்கிலுக்குப் பின்னாலிருந்து இருதயராஜ் எழுந்தான்.

"மேடம், அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

"இன்னும் சொல்லலப்பா."

"அவுக பொய் சொல்ல மாட்டாவ. அவுகளே இருதயராஜ்தான்னு சொல்லிட்டா..." என்று நிறுத்தினான். "எனக்கே சந்தேகம் வந்திருது மேடம். ஒருவேளை கழட்டிட்டு மறந்துட்டேனோன்னு. பொண்டாட்டிகிட்டயே கேட்டுட்டேன், நான் அப்படிப்பட்டவனாட்டின்னு."

மறுநாள் வியாழக்கிழமை பதினொன்றுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி மெஹருன்னிசா வந்தார். சிறிய உருவம், பெரிய கண்ணாடி. ரோப் கார் நிர்வாகத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்திருந்தார். சண்முகவடிவும் இருதயராஜும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டபாணி எல்லோருக்கும் முந்திரி வைத்திருந்தார்.

ஆவுடை எழுந்து நின்றாள். "ஓட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் மேடம். இந்த மெஷினுக்குத் தெரியாதுன்னு சொல்லத் தெரியாது. சொல்லக்கூடாதுன்னு நாங்கதான் தடுத்து வச்சிருக்கோம்."

கோதண்டபாணி இருமினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "தடுப்பை எடுக்க முடியுமா?"

"ஒரே வரி மேடம்."

"எடுங்க."

எடுத்தாள். சௌந்தரபாண்டி கண்விழித்து டீ கேட்டார். நீதிபதி தானே கேள்வியைக் கேட்டார். ஆவுடையின் கண் கடிகாரத்தில் இருந்தது. மூன்று புள்ளி இரண்டு வரைக்கும் போகவே இல்லை. அரை வினாடிக்குள் பதில் வந்தது.

"தெரியாதுங்கம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

"இவுகதான்!" என்று சண்முகவடிவு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இவுகளேதான்! எங்க அந்தப் பேப்பரு, குடுங்க, கையெழுத்துப் போடுதேன்."

கோட்டு போட்டவர் தவிர எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சண்முகவடிவு மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நீதிபதி விடவில்லை. "கழற்றியதை நீங்க பார்க்கலையா?"

"பாக்கல. அந்த அலாரம் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லம்மா. நல்லா ஓடுது, அதான் கத்தலன்னு நெனச்சேன்."

நீதிபதி கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அந்த ஒயரைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லை மேடம். சம்பந்தப்பட்ட ஆளே கிடைச்சிட்டாரே, அவரையே கேட்டுக்கலாமேன்னு..."

அடுத்த வாரம் பிரித்துப் பார்த்தார்கள். ஒயர் முனையில் தொழிற்சாலையில் மாட்டிய பிளாஸ்டிக் தொப்பி அப்படியே இருந்தது. அது மாட்ட வேண்டிய துளையின் மேல் ஒட்டிய காகிதமும் கிழியவில்லை. யாரும் ஒயரைக் கழற்றவில்லை. யாரும் அதை மாட்டியதே இல்லை. திறப்பு விழாவில் அலாரம் அடித்ததைத் தாங்களே கேட்டதாக நிர்வாகம் சாதித்தது. அன்று அடித்தது, மந்திரிக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்ஸ்.

அந்தச் செய்தியைச் சொல்ல ஆவுடை சண்முகவடிவுக்குப் போன் செய்தபோது எடுத்தது இருதயராஜ். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தானாம். "மதினி அடுப்பங்கரையில இருக்காவ, இருங்க கூப்பிடுதேன்" என்றான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஆவுடைக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் நீதிபதி போகிற போக்கில் இன்னொரு உத்தரவும் போட்டுவிட்டுப் போனார். பேட்டரி வைத்து ஓட்டிய பழைய கேள்விகள் அனைத்தையும் பேட்டரி இல்லாமல் திரும்ப ஓட்ட வேண்டும். பதில் மாறினால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் விரும்பினால் தப்பான பதிவை அழிக்க வேண்டும். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு கோப்பு. ஆவுடை கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்தாள். ஐந்து மாதம் ஆயிற்று.

பாதிக்கு மேல் 'தெரியாது' என்று மாறின. ஒருவர், அம்மா சொன்னாள் என்று நகைக்காக மாட்டுத்தொழுவத்தை மூன்று ஆள் ஆழத்துக்குத் தோண்டி, இப்போது அதில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்றார். "மீன் விட்டிருக்கேன், பரவால்ல" என்று அவராகவே சமாதானமும் சொன்னார். ஒருத்தி, பார்த்த மாப்பிள்ளை சரியில்லை என்று அப்பா சொன்னதால் கல்யாணத்தை நிறுத்தியிருந்தாள். அப்பா அந்த மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று இப்போது தெரிந்தது. விருதுநகரில் ஒரு பெண், "நீங்க சொன்னீங்கன்னு எங்க அக்காகூட மூணு வருஷமாப் பேசலங்க. இப்ப போன் போட்டு நான் என்னன்னு சொல்ல?" என்றாள். இன்னொருவர், "எனக்கு அந்தப் பொய்யே போதும், இனிமே கூப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டார். சௌந்தரபாண்டிக்கு முன்னால் நின்றுபோனவர்களையெல்லாம் பிழை வரம்பைத் தளர்த்திப் 'போ' என்று தள்ளிவிட்டது தன் கைதான் என்பது ஒவ்வொரு போனிலும் அவளுக்கு உறைத்தது.

கடைசியில் பதினேழாம் எண் வந்தது. ஒன்றிலிருந்து பதினாறு வரை பேட்டரியே இல்லை. அவற்றில் பாதி, தெரியாது என்ற பதில்தான். கோபித்துக்கொண்டு யாரும் எழுதிய கடிதமோ புகாரோ ஒன்றும் கோப்பில் இல்லை. எல்லோரும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போயிருந்தார்கள்.

பதினேழில் இறந்தவர் பெயர் ஞானசுந்தரி. கேள்வி கேட்டவர் கோதண்டபாணி, மகன்.

ஒரே கேள்வியை இரண்டு முறை ஓட்டியிருந்தார். நடுவில் நாற்பது நிமிட இடைவெளி. ஆவுடை ஹெட்போனை மாட்டினாள். நாலு வருடத்துக்கு முந்தைய கோதண்டபாணியின் குரல், விற்பனைக் குரல் இல்லை, வேறு யாருடையதோ போலிருந்தது. "கடைசியா நான் வந்து பக்கத்துல நின்னேனேம்மா. தெரிஞ்சுதா?"

முதல் ஓட்டத்தில் கிழவியின் குரல் சொன்னது: "தெரியலயே."

நாற்பது நிமிடம் கழித்து, பேட்டரியோடு: "தெரிஞ்சுதுடா. நீலச் சட்டை போட்டுக்கிட்டு நின்னியே."

அவள் ஹெட்போனைக் கழற்றியபோது கோதண்டபாணி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை தட்டியிருந்தார். அவளுக்குத்தான் கேட்கவில்லை.

"பதினேழு வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு சார்."

அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை" என்றார். "வீட்டுக்குப் போய் போட்டோவுல கூடப் பார்த்தேன். வெள்ளைதான். ஆனா அன்னிக்கு ராத்திரி மூணு மாசத்துக்கப்புறம் நல்லாத் தூங்கினேன் ஆவுடை. இது எனக்கு மட்டும் போதுமா, எல்லாருக்கும் கொடுக்கலாமேன்னு தோணுச்சு."

ஆவுடை பட்டியலைத் திறந்தாள். 'குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று அடித்தாள். அடுத்த கட்டத்துக்கு அவரைக் கேட்டாக வேண்டும்.

"ரெண்டாவது பதிவை அழிச்சிரட்டுமா சார்?"

கோதண்டபாணி வாயைத் திறந்தார். மூடினார். இரண்டாயிரம் குடும்பங்களுக்குப் பதில் விற்ற மனிதர் அவர்.

"தெரியல" என்றார்.

ஆவுடை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கோப்பை மூடினாள்.